ஒரே லைனில் இரண்டு மெஷின்கள்

கம்ப்யூட்டர் பிராசஸர் மேல் சூடு கடத்துகிற பேஸ்ட்டைத் தடவச் சொன்னால் பெரும்பாலானவர்கள் அளவுக்கு மீறித் தடவிவிடுகிறார்கள். ஒரு பட்டாணி அளவு போதும். மேலே சூட்டை உறிஞ்சுகிற ஹீட்சிங்கை வைத்து, நான்கு ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால் அது தானாகப் பரவிக்கொள்ளும். அதிகமானால் சூடு வெளியே போகாமல் உள்ளேயே நிற்கும். நல்லது என்று நினைத்து அள்ளி வைப்பதால் வருகிற கெடுதல் அது. இருபத்திரண்டு வருடம் கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். காதில் வாங்கியவர்கள் குறைவு.

பேனாவும் தாளும் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்றீர்கள். கம்ப்யூட்டர் தெரியாதவர் படித்தாலும் புரிய வேண்டும் என்றும் சொன்னீர்கள். அப்படியானால் முதலில் ஓவர்கிளாக் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். அது புரியாவிட்டால் என்னை ஏதோ பைத்தியக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள்.

ஒரு சிப் இந்த வேகத்தில் ஓடும் என்று கம்பெனிக்காரர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் ஒரே அச்சில் வந்த ஆயிரம் சிப்பில் நோஞ்சானும் இருக்கும், பயில்வானும் இருக்கும். நோஞ்சானும் தாங்க வேண்டுமே என்று எல்லாவற்றுக்கும் ஒரே அளவைப் போட்டுவிடுகிறார்கள். நம் கையில் இருப்பது எது என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருக்கிறது. எழுதிய வேகத்துக்கு மேல் ஒரு படி ஏற்ற வேண்டும், ஓட்டிப் பார்க்க வேண்டும், நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு இன்னொரு படி. எந்தப் படியில் விழுகிறதோ, அதற்கு முந்தைய படிதான் அதன் உண்மையான எல்லை. இதுதான் ஓவர்கிளாக். அவசரக்காரனுக்கு இந்த வேலை ஒத்துவராது. கடையில் எனக்கு ஸ்க்ரூ என்று பேர் வைத்திருந்தார்கள், எதையும் கால் சுற்று கால் சுற்றாக முடுக்குகிறவன் என்பதால். வேறு காரணமும் சொல்லிச் சிரிப்பார்கள். நான் கண்டுகொண்டதில்லை.

வீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். வீடு அக்காவுடையது. அத்தான் இறந்த மறு வருடம், தனியாக ஏன் கிடக்கிறாய் என்று அவள்தான் என்னைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டாள். அக்கா, அவள் மகள், நான், மூன்றே பேர். மகளை வீட்டில் குட்டி என்போம். இருபத்தெட்டு வயதாகியும் அந்தப் பேர் போகவில்லை. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. காலை எட்டரைக்குக் கிளம்பினால் மாலை ஆறுக்குத்தான் வருவாள். அக்கா அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவள். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்காது. பேப்பர் வந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பக்கத்துக்கு ஏழெட்டு வட்டமாவது போடாமல் கீழே வைக்க மாட்டாள். யாருக்கும் அனுப்பப் போவதில்லை. தப்பு தப்பாகவே கிடப்பது அவளுக்குப் பொறுக்காது, அவ்வளவுதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கு நுரையீரலில் நோய் வந்தது. நார் நாராகக் கட்டிக்கொண்டே போகும், திரும்பாது என்றார் டாக்டர். போன வருடம் ஆக்சிஜன் மெஷின் வாங்கினோம். சக்கரம் வைத்த பெட்டி. சுவரில் செருகினால் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மூக்கில் மாட்டிய குழாய் வழியாகக் கொடுக்கும். சிலிண்டர் வேண்டாம், கரண்ட் இருந்தால் போதும். அளவு இரண்டில் வைத்து இருபத்து நான்கு மணி நேரமும் ஓட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். கடகடவென்று ஓடும், இடையிடையே புஸ் என்று மூச்சு விடும்.

பகலில் ஆள் வேண்டுமே என்று நான் கடைக்குப் போவதை நிறுத்தினேன். முதலாளி வேலையை வீட்டுக்கே அனுப்பினார். அக்காவுக்கு மருந்து கொடுப்பது, குளியலறைக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போவது, தலை வாரிவிடுவது எல்லாம் நான்தான். முகம் சுளித்ததே இல்லை. குட்டியே சொல்வாள்.

"மாமா, நீங்க வீட்ல இருக்கீங்கன்னுதான் நான் நிம்மதியா ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கேன்."

இதை அவளிடம் இப்போது கேட்டாலும் மறுக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

என் அறை அக்காவின் அறைக்கு அடுத்தது. நடுவில் ஒரு கதவு. அங்கேதான் என் மெஷினைக் கட்டினேன். பதினான்கு மாதம் ஆனது. கடைக்கு வந்த பதினோரு பிராசஸரை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து ஒன்றைப் பொறுக்கினேன். அது பயில்வான். பெட்டிக்குள் அடைக்காமல் திறந்த சட்டத்தில் நிறுத்தி, இரண்டு கிராபிக்ஸ் கார்டு போட்டு, தண்ணீர்க் குழாய்களை நானே சூடுகாட்டி வளைத்தேன். தண்ணீரைக் குளிரவைக்க மீன்தொட்டிக்குப் பயன்படுத்துகிற சில்லர். ஒரு சொட்டு ஒழுகியதில்லை. அக்கா நடுக்கதவில் நின்று பார்ப்பாள், மூக்கில் அவளுடைய குழாயோடு.

"உன் பிள்ளைக்கு இன்னிக்கு எத்தனை டிகிரிடா?"

"முப்பத்தொண்ணு."

"என்னைவிடக் குளிர்ச்சியா இருக்கான். அவனுக்கும் குழாய், எனக்கும் குழாய். நல்ல வீடுடா இது."

இந்த மாதிரி மெஷின்களுக்கு இணையத்தில் ஒரு பட்டியல் உண்டு. ஒரு சோதனை ஓட்டத்தை ஓட்டி, வந்த எண்ணைப் படத்தோடு பதிவேற்ற வேண்டும். என் வகை பிராசஸரில் இரண்டு வருடமாக ஒருவர்தான் முதலிடம். நத்தை என்ற பேரில் எழுதுவார். எந்த ஊர், என்ன வயது, யாருக்கும் தெரியாது. பத்து நிமிட ஓட்டத்தில் நான் மூன்றாவதாக வந்தபோது கீழே அவர் எழுதியிருந்தார்: "பத்து நிமிடம் யார் வேண்டுமானாலும் ஓடலாம். முப்பது ஓட்டிக் காட்டுங்கள்." மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. அன்று சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு அப்படியெல்லாம் வருவது அபூர்வம் என்பதால் அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இனி கரண்ட் விஷயம். இது அந்தப் பத்து நிமிட ஓட்டத்துக்கும் முன்னால் ஆரம்பித்தது. என் அறைக்கும் அக்காவின் அறைக்கும் ஒரே லைன், ஒரே பிரேக்கர். பத்து ஆம்பியர். என் மெஷினும் சில்லரும் முழு வேகத்தில் ஓடினால் அந்த லைன் மூச்சு முட்டிக்கொண்டு தாங்கும். அக்காவின் மெஷினும் சேர்ந்தால் தாங்காது. முதல் தடவை ஏழாவது நிமிடத்தில் டப்பென்று விழுந்தது. இரண்டு மெஷினும் நின்றன. அக்காவின் மெஷினில் கரண்ட் போனால் கத்துவதற்கு ஒரு அலாரம் உண்டு, அது கத்தியது. நான் ஓடிப்போய் பிரேக்கரைத் தூக்கிவிட்டேன். அக்கா சிரித்தாள்.

"உன் பிள்ளை என் வாயில மண்ணைப் போடப் பாத்தானே!"

மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். இதை நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம், அவரே சொல்வார். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "புது லைன் இழுக்கணும்னா சுவரைக் கொத்தணும் சார். ரெண்டு நாளைக்கு வீடு பூரா தூசியா இருக்கும்" என்றார். அக்காவின் நுரையீரலுக்குத் தூசி ஆகவே ஆகாது. அவளுக்காகத்தான் அந்த வேலையே வேண்டாம் என்று அவரைத் திருப்பி அனுப்பினேன்.

அக்காவின் மெஷினுக்குச் சமையலறையிலிருந்து ஒரு ஒயர் இழுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். இழுத்தேன். ஒரே ஒரு நாள். அன்று பார்த்து குட்டி சீக்கிரம் வந்துவிட்டாள். நடையில் ஒயர் காலில் மாட்டி, "இது எதுக்கு மாமா?" என்றாள். சும்மாதான் என்றேன். விளக்கம் சொன்னால் பிரேக்கர் கதை வரும், பிரேக்கர் கதை வந்தால் என் மெஷினை எடுத்துவிடச் சொல்வாள். அம்மா விஷயத்தில் அவள் கறார். அன்று மாலையே ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

மெஷினைக் கடைக்குக் கொண்டுபோய் ஓட்டியிருக்கலாமே என்றும் கேட்டீர்கள். வளைத்த குழாய்களோடு அதைப் படியிறக்க முடியாது. தவிர, அக்காவைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது?

வழி சொன்னது அக்காதான். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நான் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு அவளாகவே சொன்னாள்.

"ஏண்டா மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு இருக்கே? பத்து நிமிஷந்தானே. என்னோடதை நிறுத்திட்டு ஓட்டிக்கோ. குளிக்கும்போது கழட்டித்தானே வைக்கறேன். எனக்கும் அந்தக் கடகட சத்தம் இல்லாம இருக்கும்."

"குட்டி திட்டுவா."

"அவகிட்ட யார் சொல்லப் போறா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அக்கா படுத்ததும், இரண்டே கால் மணிக்கு, அவள் மெஷினை நிறுத்திவிட்டு என் மெஷினை ஓட்டுவேன். பத்து நிமிடம் முடிந்ததும் அவளுடையதைப் போட்டுவிடுவேன். கண்ணை மூடிக்கொண்டு இதைச் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. விரலில் மாட்டுகிற கிளிப் ஒன்றை குட்டி வாங்கி வைத்திருந்தாள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, நாடி எவ்வளவு என்று காட்டும். நொடிக்கு நொடி போனில் பதிவாகும். அதை அக்காவின் விரலில் மாட்டி, போனை என் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொள்வேன். இடது பக்கம் பிராசஸரின் சூடு. வலது பக்கம் அக்கா. முதல் நாள் தொண்ணூற்று நான்கிலிருந்து எண்பத்தொன்பதுக்கு இறங்கி, மெஷினைப் போட்டதும் ஐந்தே நிமிடத்தில் பழையபடி ஏறிவிட்டது. அந்தக் கோட்டைப் பார்த்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. அளவு இரண்டு, இருபத்து நான்கு மணி நேரம் என்பதெல்லாம் நோஞ்சானுக்கு எழுதியது. டாக்டர் எல்லோருக்கும் ஒரே அளவைத்தானே எழுதுவார். அக்காவின் எல்லை எது என்று அவர் ஓட்டிப் பார்க்கவில்லையே.

நத்தை கேட்ட முப்பது நிமிட ஓட்டத்துக்கு முப்பது நிமிடம் வேண்டும். எடுத்த எடுப்பில் முப்பதுக்குப் போகிறவன் நான் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் வீதம் ஏற்றினேன். பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு. ஒவ்வொரு நாளும் எவ்வளவு இறங்கியது, திரும்ப ஏற எவ்வளவு நேரம் பிடித்தது என்று நோட்டில் இருக்கிறது. நீங்கள் எடுத்து வைத்திருக்கும் பச்சை அட்டை நோட்டுதான். வோல்டேஜ் குறிப்புகளுக்கும் அதே நோட்டு என்பதால் உங்களுக்குக் குழப்பமாக இருந்திருக்கும். "அ" என்று போட்டிருக்கும் வரிகள் அக்காவுடையவை.

பத்துக்கு மேல் ஏற்றியதை அவளிடம் சொல்லவில்லை. தூங்குகிறவளை எழுப்பிச் சொல்ல வேண்டுமா என்று இருந்தது. நடுவில் விழித்தால், "இன்னுமாடா முடியலை?" என்பாள். "இதோ ஆச்சுக்கா" என்பேன். சரி என்று திரும்பிப் படுத்துக்கொள்வாள். நிறுத்தும்போதெல்லாம் அந்த அலாரம் கத்தி அவள் தூக்கத்தைக் கெடுத்ததால் அதிலிருந்த பேட்டரியைக் கழற்றினேன். என் மேஜை டிராயரில் நீங்கள் எடுத்த சதுர பேட்டரி அதுதான்.

அக்காவைப் பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து வரும் நர்ஸம்மா மூன்றாவது வாரத்தில் வந்தபோது, "ரொம்ப அசதியாத் தெரியறாங்களே சார்? ராத்திரி தூங்கறதில்லையா?" என்று கேட்டார். மத்தியானம் நன்றாகத் தூங்குகிறாள் என்றேன். அதையும் எழுதிக்கொண்டு போனார். காலையில் தலைவலி என்று அக்கா சொல்ல ஆரம்பித்திருந்தாள். பேச்சுக்கு நடுவில் ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டு நிற்பாள். இன்னொன்றையும் கவனித்தேன். பேப்பரில் வட்டங்கள் குறைந்துகொண்டே வந்தன. ஒரு நாள் முதல் பக்கத்தில் இரண்டே வட்டம். நான் படித்துப் பார்த்தேன். தலைப்பிலேயே ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது, அதை அவள் தாண்டிப் போயிருந்தாள். ஒழுங்காக இருந்த ஒரு வார்த்தையைச் சுற்றி வட்டம் இருந்தது.

எங்கள் தொழிலில் இதற்குத்தான் அதிகமாகப் பயப்படுவோம். எல்லையைத் தாண்டிய மெஷின் சில சமயம் விழாது. நின்றபடியே தப்புக் கணக்குப் போட ஆரம்பிக்கும். பார்ப்பவனுக்கு ஓடுகிற மாதிரிதான் தெரியும். மெமரியில் அப்படி ஒரே ஒரு தப்பு வந்தால்கூட நான் ஒரு படி இறக்கிவிடுவேன், யோசிக்கவே மாட்டேன். பேப்பரைப் பார்த்ததும் அது ஞாபகத்துக்கு வந்தது. அதை மடித்து பழைய பேப்பர்களோடு அடியில் வைத்தேன். வயதானால் எல்லோருக்கும் இருப்பதுதானே என்று நினைத்துக்கொண்டேன். அக்காவுக்கு அறுபத்து மூன்று.

இருபத்திரண்டாவது நிமிடப் படியில் ஒரு நாள் எழுபத்தொன்பது வரை இறங்கியது. போய்ப் பார்த்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "அப்பா, ஜன்னலைத் திறங்கப்பா" என்றாள். எங்கள் அப்பா இறந்து முப்பது வருடம் ஆகிறது. நான் அந்த ஓட்டத்தை அங்கேயே நிறுத்தினேன். நிறுத்தினேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். மெஷினைப் போட்டு, ஜன்னலையும் திறந்துவிட்டு, அவள் பழையபடி ஆகும்வரை கால் அமுக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்ததும் அவளுக்கு எதுவும் ஞாபகமில்லை.

"எவ்ளோ நேரமாடா இங்கேயே உட்கார்ந்திருக்கே? போய் உன் பிள்ளையைப் பாரு" என்றாள்.

மறுநாள் இருபதுக்கு இறங்கினேன். நான்கு நாள் இருபதிலேயே நின்றேன். பிறகு மறுபடி இருபத்திரண்டு, இருபத்து நான்கு, இருபத்தாறு. எண்பதுக்குக் கீழே போகவில்லை. பொறுமையாக ஏற்றினால் எதுவும் பழகிக்கொள்ளும் என்பது சரியாகத்தான் இருந்தது. இன்னும் ஒரு வாரம் கிடைத்திருந்தால் முப்பதை முறையாகத் தொட்டிருப்பேன்.

கிடைக்கவில்லை. புது மாடல் வந்துவிட்டதால் இந்தப் பிராசஸருக்கான பட்டியலை மூடுகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணியோடு சரி. அந்த நேரத்தில் யார் முதலிடமோ அவர் பேர் அப்படியே நிற்கும், யாராலும் இனி அசைக்க முடியாது. வியாழக்கிழமைதான் நான் அதைப் பார்த்தேன். என் மேல் தவறு என்றால் அது இதுதான்: இருபத்தாறிலிருந்து ஒரே தாவலாக முப்பதுக்குப் போனேன். என் பழக்கத்துக்கு விரோதமாக அன்று ஒரு படி தாவினேன்.

வெள்ளிக்கிழமை குளிராக இருந்தது. மெஷினுக்கு நல்ல நாள். அக்கா பாதிச் சாப்பாட்டோடு போதும் என்றுவிட்டுப் படுத்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். விரலில் கிளிப்பை மாட்டினேன்.

"இன்னிக்கு ஜெயிச்சிடுவியாடா?" என்று கேட்டாள். பாதித் தூக்கத்தில்தான்.

"பாக்கலாம்கா."

"ஜெயிச்சா எனக்கு முதல்ல சொல்லணும். குட்டிக்கு அப்புறம்."

இரண்டு பதினைந்துக்கு அவள் மெஷினை நிறுத்திவிட்டு ஓட்டத்தை ஆரம்பித்தேன். பிராசஸர் முப்பத்து நான்கு டிகிரியில் அசையாமல் நின்றது. பதினான்கு மாதத்தில் அது அவ்வளவு நன்றாக ஓடி நான் பார்த்ததில்லை. வலது பக்கம் பத்தாவது நிமிடத்தில் எண்பத்தைந்து, பதினெட்டில் எண்பது, இருபத்தொன்றில் எழுபத்து நான்கு. இருபத்து நான்காவது நிமிடம் ஐம்பத்தெட்டு. போன் பீப் பீப் என்று அடிக்க ஆரம்பித்தது. நான் எழுந்து அக்காவின் அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

இரண்டு நாற்பத்தைந்துக்கு ஓட்டம் முடிந்தது. முடிந்த அதே நொடி ஓடிப்போய் அவள் ஸ்விட்சைப் போட்டேன். அளவை இரண்டில் விடாமல் ஐந்துக்கு ஏற்றினேன். குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். தோளைத் தட்டி, "அக்கா, ஜெயிச்சாச்சு" என்றேன். அவளுக்கு முதலில் சொல்வதாகத்தானே பேச்சு. மூச்சு இல்லை. திரும்பி வந்து பதிவேற்றினேன். படம் பெரிது, ஆறேழு நிமிடம் பிடித்தது. இரண்டு ஐம்பத்து மூன்றுக்கு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். உங்கள் பதிவில் இருக்கும் நேரம் சரிதான். முன்னாலேயே செய்திருந்தாலும் பயன் இருந்திருக்காது என்று வந்தவர்களே சொன்னார்கள்.

நத்தை மறுநாள் கீழே எழுதியிருந்தாராம், வாழ்த்துகள் என்று. முதலிடத்தில் என் பேர் இருக்கிறது. பார்த்தால் ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தேன். அழுகையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருக்கிறது.

இவ்வளவையும் வாயால் சொன்ன பிறகு கடைசியாக நீங்கள் ஒன்று கேட்டீர்கள். அதை எழுதித் தருகிறேன் என்றேன். அந்தப் போனில் பதிவானதைத் தாளில் எடுத்து குட்டியிடம் காட்டியிருக்கிறீர்கள். இரண்டு நாற்பதை ஒட்டி ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு, ஐம்பத்தேழு என்று போகிற வரிசையில், நடுவே ஒன்பது நொடிக்கு மட்டும் தொண்ணூற்றெட்டு என்று இருக்கிறது. அதற்குப் பிறகு மறுபடி ஐம்பத்தாறு. அது எப்படி என்று கேட்டீர்கள். குட்டியும் ஆஸ்பத்திரி நடையில் அதே தாளைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அவளுக்கு அப்போது வேறு எதுவும் தெரியாது.

"மாமா, பாருங்க. ஒம்போது செகண்டு அம்மா திரும்பி வந்திருக்காங்க. நீங்க என்னமோ பண்ணிக் காப்பாத்தப் பாத்திருக்கீங்க, இல்லே? சொல்லுங்க மாமா. என்ன பண்ணீங்க?"

நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்திருக்கிறாள். அவளிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள். என்னால் முடியவில்லை.

அந்த ஒன்பது நொடி அக்காவுடையது இல்லை. ஒரு எண் நம்ப முடியாத அளவுக்குப் போனால் முதலில் சென்சாரைத்தான் சந்தேகப்பட வேண்டும். எங்கள் தொழிலில் அது பால பாடம். குளிருக்கு விரல் சில்லிட்டால் இந்தக் கிளிப் தப்பாகக் காட்டும் என்று குட்டியே சொல்லியிருக்கிறாள். அதனால் அக்காவின் விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றினேன். கழற்றும்போது அவள் விரல் என் விரலைப் பிடித்துக்கொண்டது. மெதுவாக விடுவித்தேன். கிளிப்பை என் விரலில் மாட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு. நாடி எழுபத்திரண்டு. நிதானமாக ஒன்பது நொடி பார்த்தேன். கிளிப்பில் ஒரு கோளாறும் இல்லை.

மறுபடி அவள் விரலில் மாட்டினேன். அவள் மெஷினின் ஸ்விட்ச் கட்டிலின் தலைமாட்டில், நான் நின்ற இடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில் இருந்தது. அதைப் போட்டால் பிரேக்கர் விழும். பாக்கி ஐந்து நிமிடம்தான் இருந்தது. அக்கா தாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன்.